ஒப்பந்தச் சட்டம் படிக்க எந்தப் புத்தகம் வாங்குவது?

கேள்வி: மகள் கோவை அரசு சட்டக் கல்லூரியில் மூன்றாண்டு சட்டப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். ஒப்பந்தச் சட்டத்துக்கு மட்டும் சீனியர்கள் ஐந்து புத்தகங்களை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் வாங்க வேண்டுமா? பழைய பதிப்பு பாதி விலைக்குக் கிடைத்தால் வாங்கலாமா? - பெருந்துறை வாசகர்

பதில்: ஐந்தும் வேண்டாங்க. ஒரு பேர் ஆக்ட் (விளக்கவுரை இல்லாமல் சட்ட வாசகத்தை மட்டும் அச்சிட்ட நூல்), நல்ல பாடநூல் ஒன்று, இவ்வளவுதான் கையில் இருக்க வேண்டும். மற்றவை கல்லூரி நூலகத்தில் புரட்டிப் பார்க்க வேண்டியவை.

முதலில் வாங்க வேண்டியது பேர் ஆக்ட். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, குறித்தவகைத் தீர்வழிச் சட்டம் 1963 (மாணவர்கள் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் என்பார்கள்; ஒப்பந்தத்தை நிறைவேற்ற நீதிமன்றம் ஆணையிடுவது போன்ற தீர்வுகள் பற்றியது) இரண்டும் தேவை. பிரிவுகளுக்குக் கீழே உள்ள எடுத்துக்காட்டுகள் முழுதாக அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அவை பதிப்பாளர் சேர்த்தவை அல்ல, சட்டத்தின் பகுதியே. இழப்பீடு பற்றிய 73-ஆம் பிரிவில் மட்டும் 18 எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. ஒரு சம்பவத்தைச் சொல்லிச் சட்டப்படி விடை கேட்கும் பிராப்ளம் கேள்விகள் தேர்வில் வரும்; அவற்றுக்கு இவற்றைவிட நல்ல பயிற்சி கிடையாது. எடுத்துக்காட்டுகளை வெட்டிவிட்டு அச்சிட்ட பிரதியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்து பாடநூல். பட்டியல்களில் வழக்கமாக வரும் பெயர்கள் அவதார் சிங், ஆர்.கே. பங்கியா, போலக் - முல்லா, ஆன்சன். இந்த நான்கு நூல்களும் ஒரே தேவைக்கு எழுதப்பட்டவை அல்ல. போலக் - முல்லா இரண்டு தொகுதி விளக்கவுரை. வழக்கறிஞர் அலுவலகத்துக்கு ஏற்றது, முதலாண்டு மாணவிக்குச் சுமை. பங்கியா எளிய நடை, தேர்வுக்குக் குறிப்பெடுக்கச் சுலபம். அவதார் சிங் வழக்குகளை விரிவாகச் சொல்வார். நேரம் ஒதுக்கிப் படிப்பவருக்கு என் தேர்வு இதுதான். ஆன்சன் இங்கிலாந்துச் சட்டம். அருமையான நூல், ஆனால் முதலில் கையில் எடுக்கக் கூடாது.

ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வாக்குறுதி பெற்றவரே மறுபயன் (வாக்குறுதிக்கு ஈடாகத் தருவது) தந்திருக்க வேண்டும் என்பது இங்கிலாந்து விதி. நம் சட்டத்தின் 2(டி) பிரிவு, அவரோ ‘வேறு எவருமோ’ தந்தாலும் போதும் என்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் தீர்த்த சின்னய்யா எதிர் ராமய்யா வழக்கு இதற்குத்தான் புகழ்பெற்றது. தாய் மகளுக்கு நிலத்தைத் தானமாக எழுதிக் கொடுக்கிறார், தன் உடன்பிறந்தவருக்கு ஆண்டுதோறும் பணம் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. மகளும் அந்த உடன்பிறந்தவருக்குப் பணம் தருவதாகத் தனியாக எழுதிக் கொடுக்கிறார். பிறகு பணம் தரவில்லை. அந்த உடன்பிறந்தவர் எதுவும் கொடுக்கவில்லையே என்ற வாதம் எடுபடவில்லை. தாய் கொடுத்த நிலமே மறுபயன் ஆயிற்று. தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் பற்றிய 27-ஆம் பிரிவும் அப்படித்தான். திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்று, வேலையை விட்ட பிறகு இரண்டு ஆண்டுக்குப் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று எழுதி வாங்கினால், இங்கிலாந்தில் அந்தத் தடை நியாயமானதா என்று பார்ப்பார்கள். இங்கே அது செல்லாது. இந்த வேறுபாடுகள் மனதில் படியும் முன் ஆன்சனைப் படித்தால், விடைத்தாளில் இங்கிலாந்து விதியையே இந்தியச் சட்டமாக எழுதிவிட நேரும்.

எந்த ஆசிரியர் என்று கடையில் நின்று முடிவு செய்ய ஒரு வழி உண்டு. பின்பக்க வழக்கு அட்டவணையில் சின்னய்யா வழக்கைத் தேடி, அந்தப் பக்கத்தை மகளையே படிக்கச் சொல்லுங்கள். நடந்தது என்ன, நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி எது, 2(டி)-இன் எந்தச் சொற்களால் விடை கிடைத்தது, மூன்றும் அவளுக்குப் பிடிபட்டால் அந்த நூல் அவளுக்கு ஏற்றது. வழக்கின் பெயரையும் ஒற்றை வரித் தீர்ப்பையும் மட்டும் கொடுத்தால் அது கைடு. தேர்வுக்கு முந்தைய வாரம் உதவும், பாடம் கற்றுத் தராது.

பழைய பதிப்பு விஷயத்துக்கு வருவோம். ஒப்பந்தச் சட்டத்தின் பொதுக் கோட்பாடுகள், அதாவது 1 முதல் 75 வரையான பிரிவுகள், அதிகம் மாறவில்லை. ஆனால் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் 2018-இல் பெரிதாகத் திருத்தப்பட்டு, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கடையிலேயே அதன் 20-ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள். ஒப்பந்தத்தை நிறைவேற்ற ஆணையிடுவது நீதிமன்றத்தின் விருப்புரிமை என்று இருந்தால், திருத்தத்துக்கு முந்தைய நூல். எழுத்து மூலம் குறைந்தது 30 நாள் நோட்டீஸ் கொடுத்து, வேறு ஆள் வைத்து வேலையை முடித்துச் செலவை வசூலிப்பது பற்றி இருந்தால் புதியது. இந்தத் திருத்தம் பழைய ஒப்பந்தங்களுக்குப் பொருந்தாது என்று 2022-இல் சொன்ன தீர்ப்பை, கட்டா சுஜாதா ரெட்டி வழக்கின் சீராய்வில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் திரும்பப் பெற்றது. அது வரை சொல்லும் பதிப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. காசு இடித்தால் பழைய நூலை வாங்கி முதல் பாதிக்கு வைத்துக்கொண்டு, ஸ்பெசிஃபிக் ரிலீஃபுக்குப் புதிய பேர் ஆக்டும் வகுப்புக் குறிப்பும் வைத்துப் படிக்கலாம்.

ஆண்டைப் பார்ப்பதில் பலர் ஏமாறுவது பதிப்பையும் மறு அச்சையும் குழப்பிக்கொள்வதால்தான். ‘பதிப்பு 2017, மறு அச்சு 2023’ என்றிருந்தால் சட்டம் பெரும்பாலும் 2017 நிலவரமே. பின்னிணைப்பு ஏதாவது சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் வாங்கினால் கடைசிப் பக்கங்களையும் எண்ணிப் பாருங்கள், பொருளடைவு கிழிந்து போயிருக்கும். அடிக்குறிப்பு எழுத்து மங்கி, பக்க ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் அது திருட்டு அச்சு. ஆன்லைனில் என்றால் படத்தை நம்பாமல் ஐ.எஸ்.பி.என். என்ற நூல் அடையாள எண்ணை ஒப்பிடுங்கள். பங்கியா நூல் ஒப்பந்தம் ஒன்று, இரண்டு எனத் தனித்தனியாக வருகிறது. மாற்றி அனுப்பிவிடுகிறார்கள்.

மகள் தமிழில் தேர்வு எழுதுவதாக இருந்தால் தமிழ்ப் பாடநூல் ஒன்று வாங்குங்கள். ஆனாலும் ஆங்கிலப் பேர் ஆக்ட் பக்கத்திலேயே இருக்கட்டும், தீர்ப்புகளை ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டி வரும்.

ஒப்பந்தச் சட்டத்தின் இரண்டாம் தாளுக்கான புத்தகத்தை இப்போதே வாங்காதீர்கள். பாடத்திட்டத்தைப் பார்த்த பிறகு போதும். 124 முதல் 238 வரையான பிரிவுகள் அங்கே வரும். சாயப் பட்டறைக்குத் துணி கொடுப்பது ஒப்படைப்பு, 148-ஆம் பிரிவு. கூலி பாக்கி என்று பட்டறைக்காரர் துணியைப் பிடித்து வைக்கும் உரிமை 170. மஞ்சள் மண்டிக் கமிஷன் ஏஜென்ட் 182 முதல் வரும் முகமையில் அடங்குவார். சரக்கு விற்பனைச் சட்டம் 1930, கூட்டாண்மைச் சட்டம் 1932 இரண்டும் பெரும்பாலும் அதே தாளில் வரும் என்பதால், ஒப்பந்தச் சட்டத்தோடு இவையும் சேர்ந்த நூலாகப் பார்த்து எடுங்கள்.