நாயோடு ஒரு நாள் மலைப்பயணம்: தேசிய பூங்கா வேண்டாம், ஏலகிரிக்குப் போங்கள்

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் வீட்டு லாப்ரடாருக்கு இரண்டரை வயது, பெயர் பிரவுனி. ஊசியெல்லாம் சரியாகப் போட்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் காரில் கிளம்பி ராத்திரிக்குள் திரும்பணும். பன்னேர்கட்டா, முதுமலை மாதிரி மலையும் காடுமாக இருக்கிற தேசிய பூங்காவுக்கு அவனையும் கூட்டிப் போகலாமா? சங்கிலியில் பிடித்துக்கொண்டால் விடுவார்களா டாக்டர்?"

விட மாட்டார்கள். சங்கிலி, வாய்க்கூடு, ஊசி போட்ட அட்டை எதைக் காட்டினாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதுமலை கிருஷ்ணகிரியிலிருந்து ஒரே நாளில் போய்வரும் தூரமும் இல்லை. சரி, நம் பக்கத்துக் காட்டுக்கே போகலாமே என்று அஞ்செட்டி, உரிகம் பக்கம் வண்டியைத் திருப்பாதீர்கள். அங்கே இருப்பது காவிரி வடக்கு, காவிரி தெற்கு என்று இரண்டு சரணாலயங்கள். தெற்கு 2022-இல் அறிவிக்கப்பட்டது, சுமார் 686 சதுர கிலோமீட்டர். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் நுழைய மனிதர்களுக்கே அனுமதி வேண்டும்.

இது வெறும் கெடுபிடி இல்லை. நாய்களுக்கு வரும் டிஸ்டம்பர், பார்வோ என்ற வைரஸ் நோய்கள் இரண்டும் காட்டில் செந்நாய்க்கும் வரும். டிஸ்டம்பர் பெரிய பூனை இனத்தையும் விடாது. 1994-இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செத்ததே இந்த வைரஸால்தான், சுற்றுவட்டாரக் கிராமத்து நாய்களிடமிருந்து பரவியதாகச் சொல்கிறார்கள். வீட்டு விலங்குகளின் நோய் காட்டுக்குள் போகக் கூடாது என்றுதான் சரணாலயத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் ஆடு மாடுகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போடவேண்டும் என்று சட்டத்திலேயே தனிப் பிரிவு இருக்கிறது. பிரவுனிக்கு ஊசி போட்டிருக்கிறதே என்பீர்கள். சிறுத்தைக்கு அது தெரியாது, அதன் கணக்கில் நாய் சுலபமான இரை. யானையைப் பார்த்துக் குரைத்த நாய், அது துரத்தினதும் ஓடி ஒளிய வருவதோ நேராக உங்கள் காலடிக்குத்தான், யானையும் பின்னாலேயே வரும்.

ஒகேனக்கலும் வேண்டாம். பென்னாகரம் தாண்டினால் யானை நடமாடும் காட்டுச் சாலை, அருவிப் பக்கம் கூட்டம், மீன் வறுக்கிற வாசனை, குரங்கு, ஆற்றில் முதலை. தண்ணீரைப் பார்த்ததும் குதிக்கிற லாப்ரடாரை அங்கே பிடித்து நிறுத்துவதற்குள் உங்கள் ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும்.

ஊர் இருக்கிற மலையாகப் பாருங்கள். உங்களுக்கு ஏலகிரிதான் வசதி. பர்கூர், நாட்றம்பள்ளி வழியாகப் போய் ஜோலார்பேட்டை பக்கத்துப் பொன்னேரியில் மலையேறலாம். உயரம் 1,100 மீட்டர் சொச்சம், 14 கொண்டை ஊசி வளைவுகள். தர்மபுரிக்காரர்களுக்கு வத்தல்மலை பக்கம், ஆனால் மேலே கடை கண்ணி குறைவு, தண்ணீரும் சோறும் கையோடு கொண்டுபோகணும். எந்த மலையானாலும் ஏறுகிற வழியில் காடு உண்டு, அங்கே இறங்கி செல்ஃபி எடுக்க நிற்காதீர்கள். ஏலகிரியில் படகுத் துறை, பூங்காவுக்குள் எல்லாம் நாயை விடமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே போங்கள், வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் வெளியே நிற்கத் தயாராக இருந்தால் சண்டை வராது.

வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள், நீங்கள் படித்துக்கொண்டே வரலாம், பிரவுனி வாந்திதான் எடுப்பான். முந்தின ராத்திரி சாப்பிட்டதோடு சரி, காலையில் தண்ணீர் மட்டும் கொஞ்சம். அடிக்கடி கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, எச்சில் ஒழுகுவது எல்லாம் வாந்திக்கு முன்னோட்டம். அகலமான இடம் பார்த்து வண்டியை ஓரங்கட்டி பத்து நிமிஷம் நடக்க விடுங்கள். நாய்களுக்கென்றே பயண வாந்தி மாத்திரை இருக்கிறது, கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பே கொடுக்கணும், அளவை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். வீட்டில் இருக்கிற மனித மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கிற வேலை வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டவும் விடாதீர்கள்.

காலை ஐந்தரைக்கே கிளம்பிவிடுங்கள். மலையில் குளுகுளுவென்று இருந்தாலும் மத்தியானம் தார் ரோடு கொதிக்கும். புறங்கையை ரோட்டில் ஏழு நொடி வைக்க முடியவில்லை என்றால் அவன் பாதத்துக்கும் அது ஆகாது. நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, தள்ளாட ஆரம்பித்தால் அது வெப்பத் தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்). உடனே நிழலில் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் காற்றுப்பட வையுங்கள், அப்புறம் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஈரத்துண்டைப் போர்த்திவிடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிஷம்கூட அவனைத் தனியே விட வேண்டாம்.

மேலே பெரிய தொல்லை ஊர் நாய்கள்தான். கூட்டமாக வந்தால் ஓடாமல், சங்கிலியைச் சுருக்கிப் பிடித்து மெதுவாகக் காருக்குத் திரும்புங்கள். நாயோ குரங்கோ கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவணும். பிரவுனிக்கு வெறிநோய் ஊசி ஏற்கெனவே போட்டிருந்தாலும் கடிக்குப் பிறகு மறுபடி ஊசி உண்டு. உங்களைக் கடித்தாலும் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைசியாக உண்ணி. புல்வெளியில் ஒரு மணி நேரம் புரண்டாலே போதும். வீட்டுக்கு வந்ததும் விளக்கு வெளிச்சத்தில் காது மடிப்பு, கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குள், விரலிடுக்கு, வாலடி என்று விரலால் தடவிப் பாருங்கள். மிளகு மாதிரி உருண்டையாகத் தட்டுப்பட்டால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் தடவுவது, நெருப்பால் சுடுவது எதுவும் கூடாது. போகும் முன்பே உண்ணி மாத்திரை கொடுத்திருந்தால் நல்லது. வலிப்பு வந்த நாய் என்றால் அதை டாக்டரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள். அடுத்த மூன்று வாரத்துக்குள் சாப்பாட்டை ஒதுக்கினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்யணும். மலைக்குப் போய் வந்ததை மறக்காமல் சொல்லுங்கள். அதுவரை பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், நாயின் ஈரலுக்கு அது விஷம்.