ஏற்காட்டுக் குளிரில் சூரியகாந்தி வளருமா?

ஏற்காட்டில் வீட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிலம் இருக்கிறது, சூரியகாந்தி போட ஆசை, ஆனால் அது சேலம் வெயிலுக்கான செடி, மேலே குளிருக்குத் தாங்காது என்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போடுங்கள், நன்றாக வரும்.

சூரியகாந்திக்குக் குளிர் பெரிய எதிரியே இல்லை. அதன் பூர்வீகம் வட அமெரிக்கா. நம் பக்கம் பலரும் விதைத்திருக்கிற மார்டன் என்ற குட்டை ரகமே கனடாவிலிருந்து வந்ததுதான். அங்கே மானிடோபா மாகாணத்தில் குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரி வரை போகும், உறைபனி இல்லாமல் நான்கு மாதம் கிடைத்தாலே பெரிது. அதற்குள் முற்றுகிற ரகமாகப் பார்த்து, மண் 10 டிகிரி சூட்டுக்கு வந்ததும் மே மாதம் விதைத்துவிடுகிறார்கள். முளைத்த புதிதில் லேசான உறைபனியைக்கூடச் செடி தாங்கும்; மொட்டிலும் பூவிலும் பட்டால்தான் மணி பிடிக்காது. பூத்தலையின் பின்பக்கம் எலுமிச்சை மஞ்சளாகிவிட்டால் அப்புறம் எவ்வளவு பனி விழுந்தாலும் கவலையில்லை.

ஏற்காட்டில் உறைபனிக் கவலை நமக்கு வேண்டாம். இங்கே கெடுப்பது மழையும் மூட்டமும்தான். ஐப்பசி கார்த்திகையில் செடி வெளிச்சம் தேடி வெடவெடவென நீண்டு சாயும், பூத்தால் ஈரத்தில் தலை அழுகும், தேனீயும் வராது. அதனால் மழை ஓய்ந்ததும் மார்கழியில் விதையுங்கள். கீழே 80 நாளில் முற்றுகிற ரகம் மலையில் இன்னும் சில வாரம் எடுக்கும், ஆனாலும் பூ மாசி வெயிலில் விரியும், கோடை மழை பிடிப்பதற்குள் தலையை அறுத்துவிடலாம்.

சில்வர் ஓக் மர நிழல் விழாத, குறைந்தது ஆறு மணி நேரம் வெயில் படுகிற, தண்ணீர் தேங்காத சரிவாகப் பாருங்கள். ஆணிவேர்ச் செடி, பிடுங்கி நட்டால் சுணங்கும், அதனால் ஓரடி இடைவெளியில் நேராகவே ஊன்றுங்கள். தேனீ குறைவாகத் தெரிந்தால், பூத்த சமயத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள், காலை 8 மணியிலிருந்து 11 மணிக்குள், கையில் மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு பூவாக மெதுவாகத் தடவிவிடுங்கள், மணி நன்றாகப் பிடிக்கும். ஆளுயர ரகம் மட்டும் வேண்டாம், மேலே அடிக்கிற காற்றுக்குச் சாய்ந்துவிடும். குட்டை ரகமே போதும். மணி முற்றும்போது கிளி வரும், தலைக்குத் துணிப்பை கட்டிவிடுங்கள்.