செர்மாட்டில் ஸ்கீ தெரியாத அம்மாவுக்கு

வணக்கம். சுவிட்சர்லாந்தின் மலையூரான செர்மாட்டில் நீங்கள் இருவரும் ஸ்கீ (பனிச்சறுக்கு) கற்கப் போய்விட்டால், முழங்கால் வலியுள்ள அம்மா அறையிலேயே அடைந்து கிடப்பாரோ என்று கேட்டிருந்தீர்கள். அவரைக் கோர்னர்கிராட் மலைக்குப் போகும் ரயிலில் ஒருநாள் நீங்களே கூட்டிப் போங்கள். 1898 முதல் ஓடும் பல்சக்கர ரயில். அரைமணி நேரத்தில் 3,089 மீட்டருக்கு ஏறிவிடும். வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள், மாட்டர்ஹார்ன் சிகரம் அந்தப் பக்கம்தான். மேலே மூச்சு வாங்கும், மெதுவாக நடக்கட்டும். ரத்த அழுத்தம் இருந்தால் முன்பே டாக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம், ஷூவில் மாட்டும் இரும்புப் பல் பட்டை ஒரு ஜோடி கட்டாயம் வாங்குங்கள். என் அம்மா தடுமாறியது மலையில் இல்லை, ஊர்த் தெருவில். ஆட்கள் மிதித்து மிதித்துக் கண்ணாடியாக இறுகிய பனியில்.

கார் வேண்டாம். டேஷ் என்ற பக்கத்து ஊரோடு காரை நிறுத்திவிடுவார்கள், அங்கிருந்து செர்மாட்டுக்கு ரயில் 12 நிமிடம். நீங்கள் ஸ்கீ பழக, ஊருக்கு மேலே உள்ள சுன்னெகா என்ற இடம் போதும்.