தங்கம் தோண்டுகிறவனுக்குக் கடன் எதற்கு?

கேள்வி: காரைக்குடியில் நாலு பவுன் சங்கிலியைக் கொண்டுபோய் வைத்தால் அரை மணியில் பணம் கிடைக்கிறது. தங்கத்தையே தோண்டி எடுக்கிற ஆப்பிரிக்கக்காரனுக்கு வங்கிக் கணக்கு, கடன் வசதி வேண்டும் என்று ஐ.நா. ஏன் மெனக்கெடுகிறது?
- தேவகோட்டை வாசகர்

பதில்: உங்கள் சங்கிலியை உரைகல்லில் தேய்த்து, எடை போட்டு, ஆதார் நகலும் வாங்கிக்கொண்டுதானே பணம் தருகிறார்கள்? அவன் தங்கம் இன்னும் மண்ணுக்குள் கிடக்கிறது ஐயா. நிலம் அவன் பேரில் இல்லை. பெரும்பாலும் உரிமமும் இல்லை. எந்த மேனேஜர் கையெழுத்துப் போடுவார்? (ஆப்பிரிக்கா மட்டுமல்ல, பெரு, இந்தோனேசியா, மங்கோலியாவிலும் இதே கதைதான்.)

ஆகவே தங்கம் வாங்கும் தரகரே அவனுக்கு வங்கி. அரிசி, டீசல் எல்லாம் அவர் பற்றில். கிடைக்கிற தங்கம் அவருக்குத்தான், அவர் சொல்லும் விலைக்குத்தான். பாதரசத்தைச் சும்மாவே கொடுக்கிற தரகர்களும் உண்டு. கணக்குத் தெரிந்தவர்கள்! அரைத்த தாதுவில் பாதரசத்தைப் பிசைந்தால் தங்கம் அதோடு ஒட்டிக்கொள்ளும். அந்த வெள்ளி உருண்டையைத் தட்டில் வைத்துக் காய்ச்சினால் பாதரசம் நச்சு ஆவியாகிப் போய், மஞ்சளாக ஒரு கட்டி மிஞ்சும். பல இடங்களில் இது பிள்ளைகள் விளையாடும் வீட்டு அடுப்படியிலேயே நடக்கிறது. மனிதர்களால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தச் சிறு சுரங்கத் தொழிலிலிருந்துதான். இதைக் குறைக்கச் சொல்லும் மினமாட்டா என்ற உலக நாடுகளின் உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. பாதரசம் இல்லாமல் தங்கத்தைப் பிரிக்க இயந்திரம் வேண்டும், அதற்கு முதல் வேண்டும். தரகர் தருவாரா?

அரசாங்கமே வாங்கினால் போதும் என்று சொல்லாதீர்கள். பிலிப்பைன்சில் மத்திய வங்கியே சிறு சுரங்கக்காரரிடம் வாங்குகிறது. 2011இல் வரியைக் கறாராகப் பிடித்தார்கள். தங்கம் கள்ளச்சந்தைப் பக்கம் திரும்பிவிட்டது. 2019இல் சட்டம் போட்டு அந்த வரியை எடுத்தார்கள்.

இதைச் செட்டிநாட்டுக்காரருக்கு நான் விளக்க வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. வெள்ளைக்கார வங்கிகள் ஏறிட்டும் பார்க்காத பர்மா நெல் விவசாயிக்குக் கடன் கொடுத்தவர்கள் உங்கள் ஊர்க்காரர்கள். 1930களில் நெல் விலை விழுந்தபோது, கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழ கால்பங்கு கடனுக்கு ஈடாக அவர்கள் கைக்கு வந்ததும் உண்மை. பரணில் அந்தக் காலத்துப் பேரேடு ஏதும் மிஞ்சியிருந்தால் தூசி தட்டிப் பாருங்கள். கடன்பட்டவன் பேருக்கு நேரே முதல் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது, கடைசிப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று.