மாடப்புறாவா, தவிட்டுப்புறாவா? வீட்டில் கூடு கட்டும் புறாக்கள் பற்றிக் கேள்வி பதில்

கே: சார், மூணாவது மாடி ஃப்ளாட். பாத்ரூம் சன்னலுக்கு வெளியே சாம்பல் புறா ரெண்டு முட்டை போட்டிருக்கு. எடுத்துப் போட்டுட்டா போயிடுமா?

போகாது. முட்டை போனால் மாடப்புறா ஒன்றிரண்டு வாரத்தில் அதே இடத்தில் மறுபடி இடும். நாள் கணக்குத் தெரிந்துகொள்ளுங்கள்: அடைகாப்பது 17, 18 நாள், குஞ்சு பறக்க இன்னும் 30 முதல் 35 நாள். ஆக, ஏழு வாரம். இதில் ஒரு சிக்கல் உண்டு. குஞ்சுகள் மூன்று வாரத்தைத் தாண்டும்போதே தாய் அடுத்த முட்டையை இட்டுவிடும். பாவம், குஞ்சு போகட்டும் என்று காத்திருப்பவர்கள் வருஷம் முழுக்கக் காத்திருப்பது இதனால்தான். புது முட்டை கண்ட அன்றே அதை எடுத்துவிடுங்கள். குஞ்சுகள் பறந்த அன்றே கூட்டை அகற்றி இடத்தை அடைத்துவிடுங்கள்.

வெறும் குச்சி மட்டும் கிடக்கும்போது கலைப்பதே எல்லோருக்கும் நல்லது. ஆனால் குச்சியை மட்டும் எடுத்தால் மறுநாளும் கொண்டுவரும். எடுத்த கையோடு அடைக்க வேண்டும்.

கே: தொங்குற பூந்தொட்டியில சின்னப் புறா உட்கார்ந்திருக்கு. இதுக்கும் ஏழு வாரமா?

இல்லை. பின்கழுத்தில் கறுப்புப் பட்டையும் அதில் வெள்ளைப் பொட்டுகளும் இருந்தால் புள்ளிப்புறா. முன்கழுத்தில் கரும்புள்ளி இருந்தால் சின்னத் தவிட்டுப்புறா. இரண்டுக்கும் அடை இரண்டு வாரம், குஞ்சு பறக்க இரண்டு வாரம். ஒரு மாதம் பொறுத்துவிடுங்கள். எச்சத் தொல்லையும் குறைவு. தொட்டியை நகர்த்தாதீர்கள், கூடு இருக்குமிடம் மாறினால் விட்டுப் போய்விடலாம். தண்ணீரைக் குவளையால் தொட்டியின் ஓரமாக மெல்ல ஊற்றுங்கள், கூடு நனையக் கூடாது. பக்கத்தில் காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கம் இருந்தால் இந்த மாதம் மட்டும் வேறு பக்கம் வையுங்கள்.

கே: குஞ்சு கீழே விழுந்துடுச்சு. மனுஷங்க தொட்டா தாய் சேர்த்துக்காதாமே?

கட்டுக்கதை. காயமில்லை என்றால் எடுத்துக் கூட்டிலேயே வையுங்கள். கூடே பிய்ந்திருந்தால், அடியில் ஓட்டையுள்ள சின்னக் கூடையில் காய்ந்த புல் போட்டு, பழைய இடத்திலேயே கட்டுங்கள். பாலோ தண்ணீரோ வாயில் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயில் போய்ச் செத்துவிடும். புறாக் குஞ்சு மற்றப் பறவைகளைப் போல வாயைப் பிளந்து இரை கேட்காது. தாயின் வாய்க்குள் அலகை நுழைத்துத்தான் உறிஞ்சும். அதனால்தான் வீட்டில் வளர்க்கப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தோற்கிறார்கள்.

கே: பால்கனிக்கு வலை அடிச்சும் புறா உள்ளே வந்துடுது அண்ணா.

கண்ணி அளவு சரியாக இருந்தும் உள்ளே வந்தால், தப்பு ஓரத்தில்தான். மாடப்புறாவுக்கு 50 மி.மீ. கண்ணி போதும்; சின்னப் புறாவும் வருமென்றால் 30 மி.மீ. கொக்கிகளை ஓர் அடிக்கு ஒன்றாக அடித்து, அவற்றினூடே கம்பி இழுத்து, அந்தக் கம்பியில் வலையைக் கட்ட வேண்டும். கொக்கியில் நேராக மாட்டினால் நடுவே தொய்ந்து வாய் திறக்கும். புறா தலையை நுழைத்துப் பார்க்கும் முதல் இடம் கைப்பிடிச் சுவருக்கும் வலைக்கும் நடுவிலுள்ள சந்து. வெயில் தாங்கும் யூ.வி. வலையா என்று கேட்டு வாங்குங்கள். சாதா நைலான் சீக்கிரம் மொறுமொறுத்து அறுந்துபோகும். கட்டும் முன் ஏ.சி. அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். குஞ்சை உள்ளே வைத்து அடைத்துவிட்டு, நாற்றம் வந்த பிறகு வலையைப் பிரித்தவர்கள் நிறையப் பேர். யூனிட்டைத் தகரத்தால் மூடவும் வேண்டாம், காற்று அடைபட்டு கம்ப்ரஸர் சூடேறும்.

கே: ஆந்தை பொம்மை, சி.டி., அந்துருண்டை?

பொம்மையும் சி.டி.யும் சில நாள் வேலை செய்யும், பிறகு பொம்மைத் தலைமேலேயே உட்காரும். அந்துருண்டை குழந்தைகளுக்கு விஷம், வைக்காதீர்கள். ஒட்டும் பசையும் வேண்டாம், சிட்டு மாட்டிக்கொள்ளும். முள் பட்டை குறுகிய விளிம்புக்கு மட்டும் சரி. அகலமான இடத்தில் அதுவே குச்சிகளைப் பிடித்துவைத்துக் கூட்டுக்கு அஸ்திவாரம் ஆகிவிடும். விளிம்பில் 45 பாகைக்கு மேல் சாய்வாகப் பலகை பொருத்துவது அதைவிட மேல்.

கே: காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் கூட்டலாமா? அம்மாவுக்கு வீசிங் இருக்கிறது.

கூடவே கூடாது. அந்தத் தூசிதான் ஆபத்து: கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை, நுரையீரல் ஒவ்வாமை அழற்சி இரண்டும் அதன் வழியே வரும். அம்மாவை வேறு அறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்துங்கள். என்95 மாஸ்க், கையுறை போட்டு, சோப்புத் தண்ணீர் தெளித்துக் கால் மணி நேரம் ஊறவிட்டுச் சுரண்டுங்கள். முழுக்க எடுத்துக் கழுவிய பிறகே ப்ளீச். எச்சத்தின் மேலேயே ஊற்றினாலோ டாய்லெட் ஆசிடோடு கலந்தாலோ விஷவாயு கிளம்பும். கூட்டைப் பாலித்தீன் பையில் போட்டு உடனே இறுகக் கட்டுங்கள். காலிக் கூட்டில் பட்டினி கிடக்கும் செள்ளுப்பூச்சிகள்தான் வீட்டுக்குள் வந்து மனிதரைக் கடிக்கின்றன. வறட்டு இருமல் வாரக்கணக்கில் நீடித்தால், டாக்டரிடம் புறா விஷயத்தை நீங்களாகச் சொல்லுங்கள்.

கே: பக்கத்து மாடிக்காரர் தினமும் தானியம் போடுகிறார். எங்கள் வலை எதற்கு?

உங்கள் வலை உங்கள் பால்கனியைக் காக்கும், கூட்டத்தைக் குறைக்காது. 2025-இல் மும்பை மாநகராட்சி, புறாக்களுக்குத் தானியம் போடும் இடமான தாதர் கபூதர்கானாவை மூடியபோது எழுந்த சண்டையும் இதே தானியத்தைப் பற்றித்தான். சங்கக் கூட்டத்தில் பேசுங்கள். நிறுத்தச் சம்மதித்தால் ஒரே நாளில் நிறுத்தாமல் அளவைக் குறைத்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். கூட்டில் குஞ்சு இருக்கும்.