தானாக ஓடும் கார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் க்ரூஸ் கன்ட்ரோல், லேனை விட்டு விலகாமல் பிடித்துக்கொள்ளும் வசதி இரண்டும் என் காரில் உண்டு. நெடுஞ்சாலையில் ஒரு நிமிடம் போனைப் பார்த்தால் என்ன?

ப: பார்க்காதீர்கள். எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு தானியங்கித் திறனுக்கு வகுத்த 0 முதல் 5 வரையிலான நிலைகளில் உங்கள் கார் இருப்பது 2-இல். அங்கே ஓட்டுநர் நீங்கள்தான், வண்டி எடுபிடி. சாலையைக் கவனிக்கும் வேலையை வண்டி ஏற்பது 3-ஆம் நிலையிலிருந்துதான். அதிலும் 'ஸ்டீயரிங்கைப் பிடி' என்று வண்டி எப்போது வேண்டுமானாலும் கேட்கும்.

பெரிய ஆபத்து, லேனில் நின்றுகொண்டிருக்கும் வண்டி. பல கார்கள் ரேடார் மூலம், அதாவது ரேடியோ அலையை அனுப்பி அது பட்டுத் திரும்புவதை வைத்து, முன்னால் இருப்பதை அறிகின்றன. பெயர்ப்பலகை, பாலம், தடுப்புக் கம்பி எல்லாமே அந்த அலையைத் திருப்பி அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் வண்டி நகராது. அதனால் அசையாத பொருள்களைப் பல க்ரூஸ் கன்ட்ரோல்கள் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். முன்னால் போன கார் சட்டென லேன் மாறி, அதற்கு முன்னே பழுதாகி நிற்கும் லாரி வெளிப்பட்டால், 'பாதை காலி' என்று உங்கள் கார் வேகத்தைக் கூட்டவும் கூடும். 100 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர் போய்விடுவீர்கள்.

கே: முன்கண்ணாடி உடைந்து புதிது போட்டேன். அதிலிருந்து கார் லேனில் ஒரு பக்கமாகவே ஒட்டி ஓடுகிறது. கேமரா பழுதா?

ப: கேமரா நன்றாகவே இருக்கும், பார்க்கும் கோணம்தான் பிசகியிருக்கும். கண்ணாடியின் மேல்பகுதியில் உள்ள கேமரா ஒரு டிகிரி திரும்பினாலே, 100 மீட்டர் தூரத்தில் 1.75 மீட்டர் தள்ளிப் பார்க்கும். மூன்றரை மீட்டர் லேனில் அது சரிபாதி. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தன் கோணம் தவறு என்பது கேமராவுக்கே தெரியாமல் இருக்கலாம்.

செய்ய வேண்டியது காலிபரேஷன், அதாவது கேமராவின் கோணத்தை அளந்து சரிசெய்வது. முதலில் வீல் அலைன்மென்ட், பிறகுதான் இது. வரிசை மாறினால் காலிபரேஷனைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். டயர் காற்று கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவில் இருக்கட்டும். டிக்கியில் உள்ள பாரத்தை இறக்கிவிடுங்கள். வண்டியின் முன்பின் சாய்வு மாறினால் கேமராவின் கோணமும் மாறும் என்பதால்தான் இவ்வளவு கெடுபிடி. சமதளமான தரையில், கையேடு சொல்லும் தூரத்திலும் உயரத்திலும் இலக்குப் பலகையை நிறுத்தி அளப்பது ஒரு முறை. காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் கருவியை மாட்டி, கோடுகள் தெளிவாக உள்ள சாலையில் குறித்த வேகத்தில் ஓட்டுவது இன்னொரு முறை. சில மாடல்களுக்கு இரண்டும் வேண்டும். முடிந்ததும் ஸ்கேனர் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

பம்பரில் அடிபட்டு பட்டி, டிங்கரிங் பார்த்தவர்களுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. பல கார்களில் பம்பருக்குப் பின்னால் ரேடார் இருக்கும். அதன் எதிரே தடிமனான பட்டி, மெட்டாலிக் பெயின்ட், ஸ்டிக்கர், கூடுதல் இரும்புக் கம்பி எது வந்தாலும் அலை மங்கும், இல்லையென்றால் திசை மாறும்.

கே: 2018-இல் அமெரிக்காவில் தானாக ஓடும் சோதனை வண்டி ஒன்று சாலையைக் கடந்த பெண்ணை இடித்ததே, அவர் அதன் கண்ணில் படவே இல்லையா?

ப: பட்டார். அரிசோனாவின் டெம்பி நகரில் ஊபர் சோதனை வண்டி, மோதலுக்கு 5.6 விநாடி முன்பே அவரைக் கண்டுவிட்டது. அந்த வேகத்தில் அது 100 மீட்டருக்கும் மேற்பட்ட தூரம், நிற்கத் தாராளமாகப் போதும். ஆனால் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்ததால் 'கார்', 'வேறு ஏதோ', 'சைக்கிள்' என்று மென்பொருள் மாற்றி மாற்றி வகைப்படுத்தியது. வகை மாறும்போதெல்லாம் முந்தைய நகர்வுக் கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியதால், அவர் எந்தப் பக்கம் போகிறார் என்பதே பிடிபடவில்லை. கடக்கும் இடமல்லாத இடத்தில் மனிதர் நடப்பார் என்ற எண்ணமே அந்த மென்பொருளில் இல்லை. காரோடு வந்த தானியங்கி அவசர பிரேக்கையும் முடக்கி வைத்திருந்தார்கள். மேற்பார்வைக்கு உட்கார்ந்திருந்தவரும் சாலையைக் கவனிக்கவில்லை. சென்சார் எத்தனை என்று கேட்பதைவிட, கண்ட பிறகு மென்பொருள் என்ன செய்கிறது என்று கேட்பதே மேல்.

கே: எல்லாம் தானாக ஓடினால் நெரிசல் ஒழியுமா?

ப: தானாக ஓடினால் மட்டும் போதாது, தங்களுக்குள் பேசிக்கொள்ளவும் வேண்டும். 1.8 விநாடிக்கு ஒரு வண்டி போனால் ஒரு லேனில் மணிக்கு 2000 வண்டி. அதை 0.9 ஆக்கினால் 4000. ஆனால் சாதாரண க்ரூஸ் கன்ட்ரோல் முன்னால் இருக்கும் ஒரே வண்டியைத்தான் பார்க்கிறது. அளந்து, கணக்குப் போட்டு, பிரேக் பிடிப்பதற்குள் கொஞ்சம் தாமதம். அதை ஈடுகட்ட ஒவ்வொரு வண்டியும் முந்தையதைவிடச் சற்று பலமாகப் பிரேக் போட, லேசான தயக்கம் வரிசையின் கடைசியில் முழு நிறுத்தமாக முடியும். மனிதர் ஓட்டினாலும் இதேதான்: 2008-இல் வெளியான ஜப்பானியச் சோதனையில், 230 மீட்டர் வட்டத்தில் 22 கார்களைச் சீராக ஓட்டச் சொன்னார்கள். தடை எதுவும் இல்லாமலே நெரிசல் பிறந்தது.

முதல் வண்டி பிரேக் போட்டதும் அந்தச் செய்தி ரேடியோ வழியாகப் பத்தாவது வண்டிக்கும் உடனே போனால், பின்னால் போகப்போகப் பலமாகும் இந்த பிரேக் அலை எழாது. ஆனால் பத்தில் ஒரு வண்டியில்தான் ரேடியோ இருக்கிறது என்றால், அடுத்தடுத்துச் செல்லும் இரண்டிலும் அது இருக்கும் வாய்ப்பு நூறில் ஒன்று. பாதி வண்டிகளில் வந்தாலும் நூறில் இருபத்தைந்துதான். பயணியை இறக்கிவிட்டு ஆளில்லாமல் சுற்றும் வண்டிகள் சாலையை அடைக்கும் கணக்கு தனி.

கே: வண்டிகள் பேசிக்கொண்டால் நான் எங்கே போகிறேன் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடாதா?

ப: 5.9 கிகாஹெர்ட்ஸில் விநாடிக்குப் பத்து முறை வரை போகும் அந்தச் செய்தியில் இருப்பது இடம், வேகம், திசை, பிரேக் நிலை போன்றவைதான். பதிவெண் இல்லை. செய்தி உண்மையானது என்று காட்டும் கையொப்பச் சான்றிதழையும் அடிக்கடி மாற்றும்படியே வடிவமைத்திருக்கிறார்கள். அதைவிட, காரின் சிம் வழியாகத் தயாரிப்பாளருக்குப் போகும் தகவலைக் கவனியுங்கள். காரை விற்கும்போது திரையில் ஃபேக்டரி ரீசெட் கொடுத்து, செயலியில் உங்கள் கணக்கிலிருந்து வண்டியை நீக்குங்கள். பழைய கார் வாங்குபவர், முந்தைய உரிமையாளரின் கணக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதல் நாளே பார்க்கட்டும். இருந்தால், அவர் தன் போனிலிருந்தே கதவைத் திறக்க முடியும்.