அடுக்குமாடிக் குடியிருப்பில் வைஃபை சேனலை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இரவு எட்டு மணிக்கு மேல் வைஃபை மிகவும் மெதுவாகிவிடுகிறது, ரவுட்டரில் சேனலை மாற்றினால் சரியாகுமா, எந்த எண்ணை வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். சரியாக வாய்ப்பு உண்டு. ஆனால் முதலில் அதே இரவு நேரத்தில் மடிக்கணினியை லேன் கேபிள் மூலம் ரவுட்டரில் இணைத்து வேகத்தைச் சோதியுங்கள். கேபிளிலும் வேகம் குறைந்திருந்தால் கோளாறு இணைய இணைப்பில் இருக்கிறது. சேனலை மாற்றிப் பயனில்லை.

கேபிளில் முழு வேகம் வருகிறது என்றால், 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பேண்டை (வைஃபை பயன்படுத்தும் அலைவரிசைத் தொகுதியை) கவனிக்க வேண்டும். அதில் இந்தியாவில் 1 முதல் 13 வரை சேனல்கள், அதாவது எண்ணிட்ட உட்பிரிவுகள், உள்ளன. பக்கத்து வீட்டார் யாரும் இல்லாத 3 அல்லது 4-ஐப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அடுத்தடுத்த சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளிதான் உண்டு. ரவுட்டரின் அலையோ குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் இடத்தை எடுத்துக்கொள்கிறது. ஆகவே 4-இல் இயங்கும் ரவுட்டர், 1-இல் இருப்பவருக்கும் 6-இல் இருப்பவருக்கும் ஒருசேர இடையூறு செய்கிறது, அவர்களாலும் பாதிக்கப்படுகிறது. ஒரே சேனலில் உள்ள ரவுட்டர்கள், ஒன்று அனுப்பி முடிக்கும்வரை மற்றொன்று பொறுத்திருந்து முறைவைத்துப் பயன்படுத்திக்கொள்ளும். அதனால் வேகம் பங்குபோனாலும் தகவல் சிதைவது குறைவு. அரைகுறையாக மேற்படியும் சேனலில் இருந்து வருவது வெறும் இரைச்சலாகவே சேர்வதால், அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்ப நேரிடுகிறது. ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 ஆகிய மூன்றே. இவற்றுள் ஒன்றைத்தான் வைக்க வேண்டும்.

எதை வைப்பது என்பதை ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வைஃபை அனலைசர் வகைச் செயலி காட்டிவிடும். ரவுட்டருக்குப் பக்கத்தில் நில்லாமல், நீங்கள் வழக்கமாக அமரும் அறையில், வேகம் குறையும் அதே நேரத்தில் அதைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு ரவுட்டரும் ஒரு வளைவாகத் தெரியும். எத்தனை வளைவுகள் என்பதைவிட அவை எவ்வளவு உயரம் என்பதே முக்கியம் (உயரம் அலையின் வலிமையைக் காட்டும்; மைனஸ் எண் பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க வலிமை அதிகம்): 6-இல் மைனஸ் 45 என்று உயர்ந்து நிற்கும் ஒரே ஒரு ரவுட்டரைவிட, 11-இல் மைனஸ் 85-க்குக் கீழே மங்கலாகத் தெரியும் மூன்று ரவுட்டர்கள் பெரும்பாலும் குறைவாகவே தொல்லை தரும்.

மாற்றுவது எளிது. பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று கொடுத்து (சரியான முகவரி ரவுட்டரின் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும்) உள்ளே சென்று, வயர்லெஸ் பகுதியில் 'ஆட்டோ' என்றிருக்கும் சேனலை நீங்கள் தேர்ந்த எண்ணுக்கு மாற்றுங்கள். சேனல் அகலம் 40 என்றிருந்தால் 20 ஆக்குங்கள். நெரிசலான குடியிருப்பில் 40 உங்களுக்கும் உதவாது, அக்கம்பக்கத்தாருக்கும் கெடுதல். சேமித்ததும் வைஃபை சில நொடிகள் துண்டிக்கப்பட்டு மீண்டும் வரும், கடவுச்சொல் மாறாது. பல ரவுட்டர்கள் 'ஆட்டோ'வில் இருக்கும்போது ஆன் செய்த வேளையில் மட்டுமே சேனலைத் தேர்வதால், பகலில் தேர்ந்தது இரவுக்குப் பொருந்தாமல் போகலாம்.

உங்கள் ரவுட்டரில் 5 ஜிகாஹெர்ட்ஸும் இருந்தால், டிவியையும் மடிக்கணினியையும் அதற்கு மாற்றிவிடுங்கள். அங்கே இடம் அதிகம்; சுவர்களை எளிதில் கடக்காத அலை என்பதால் பக்கத்து வீட்டுத் தொல்லையும் குறைவு. 36 முதல் 48 வரை, அல்லது 149 முதல் 161 வரை உள்ள சேனல்கள் வீட்டுக்கு ஏற்றவை. இடையில் உள்ளவை ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளப்படுபவை. ரேடார் அலை தென்பட்டால் ரவுட்டர் திடீரென வேறு சேனலுக்குத் தாவக்கூடும். 2.4 மட்டுமே தெரிந்த ஸ்மார்ட் பல்பு, பழைய கைப்பேசி போன்றவை இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.